தங்கக் கல்லறை கண்ட கார்ட்டர்

எகிப்து நாட்டில், நைல் நதியின் மேற்குக் கரையில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மரம் இல்லை, புல் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் மொட்டைப் பாறை. வெயில் நேரத்தில் அந்தப் பாறையில் கை வைக்க முடியாது. சுட்டுவிடும்.

அதற்கு மன்னர் பள்ளத்தாக்கு என்று பெயர். இன்றைக்கு 3,500 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, ஏறத்தாழ 500 ஆண்டுக் காலம், எகிப்தை ஆண்ட மன்னர்களை அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

இறந்த பிறகும் ஒரு வாழ்வு உண்டு என்று அந்தக் காலத்து எகிப்தியர்கள் நம்பினார்கள். அந்த வாழ்வுக்கு உடம்பு கெடாமல் இருக்க வேண்டும். ஆகையால் இறந்தவரின் உடலை உப்பில் இட்டு உலர்த்தி, தைலம் பூசி, துணியால் சுற்றி வைத்தார்கள். இதற்கு 70 நாள் பிடித்தது. இப்படிப் பதப்படுத்திய உடலைத்தான் மம்மி என்கிறோம்.

மன்னரின் மம்மியோடு உணவு, உடை, நகை, கட்டில், தேர் எல்லாவற்றையும் வைத்தார்கள். பாறையைக் குடைந்த அறையில் அவற்றை அடுக்கி, வாசலை அடைத்து முத்திரை வைத்தார்கள்.

தங்கம் இருக்கும் இடத்தைத் திருடன் சும்மா விடுவானா? ஒவ்வொரு கல்லறையாகப் புகுந்தான். ராஜாதி ராஜாக்களின் கல்லறைகள் எல்லாம் காலியாகிவிட்டன.

ஒரே ஓர் இளம் மன்னனின் கல்லறை மட்டும் ஏறத்தாழ அப்படியே தப்பியது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஒரு பெரிய படிப்பாளி அல்ல. பள்ளிக்கூடத்துக்கே சரியாகப் போகாதவர். அவர்தான் ஹோவர்டு கார்ட்டர்.

நோஞ்சான் பிள்ளை

கார்ட்டர் 1874-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை சாமுவேல் கார்ட்டர் ஓர் ஓவியர். மிருகங்களைத் தத்ரூபமாக வரைவதில் கெட்டிக்காரர். அவருக்குப் பிறந்த 11 பிள்ளைகளில் ஹோவர்டுதான் கடைக்குட்டி.

பிள்ளை நோஞ்சானாக இருந்தான். லண்டன் புகை அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே, நார்போக் மாவட்டத்தில் சுவாபம் என்ற சிற்றூரில் இருந்த அத்தைமாரிடம் அவனை விட்டார்கள். அங்கேயே வளர்ந்தான்.

பள்ளிப் படிப்பு பெயரளவுக்குத்தான் நடந்தது. ஆனால் தந்தை ஒரு சொத்தைக் கொடுத்தார். பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். கண்ணால் பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வரையும் பழக்கம் சிறு வயதிலேயே படிந்துவிட்டது.

சுவாபத்துக்குப் பக்கத்தில் ஆம்கர்ஸ்ட் பிரபுவின் மாளிகை இருந்தது. எகிப்திலிருந்து கொண்டுவந்த சிலைகளும் சுவடிகளும் அங்கே குவிந்து கிடந்தன. தந்தையுடன் அங்கே போய் வந்த பையன், அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பித்தன் ஆனான்.

17 வயதில் எகிப்துக்கு

அந்தச் சமயத்தில், எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் உள்ள சித்திரங்களைப் பிரதி எடுக்க ஆள் தேவைப்பட்டது. ஆம்கர்ஸ்ட் குடும்பத்தார் சிபாரிசு செய்தார்கள். 1891-ம் ஆண்டு, 17 வயதில், கார்ட்டர் எகிப்துக்குக் கப்பல் ஏறினார்.

முதல் வேலை பெனி ஹசன் என்ற இடத்தில். பகல் முழுவதும் கல்லறைக்குள் நின்று சித்திரங்களைப் பிரதி எடுத்தார். அடுத்த ஆண்டு, பிளிண்டர்ஸ் பெட்ரி என்ற பெரிய ஆராய்ச்சியாளரிடம் சேர்ந்தார். மண்ணை எப்படித் தோண்டுவது, கிடைத்த பொருளை எப்படிக் குறித்து வைப்பது என்பதை அவரிடம் கற்றார். உடைந்த பானை ஓடுகூட ஒரு செய்தி சொல்லும் என்பது பெட்ரியின் பாடம்.

பிறகு டேர் எல் பஹாரிக்குப் போனார். அங்கே ஹட்செப்சுட் என்ற அரசி கட்டிய கோயில் இருக்கிறது. செங்குத்தான மலைச்சுவரின் அடியில், மூன்று அடுக்குகளாக அமைந்த அழகான கோயில். ஆண் மன்னர்களைப் போலவே முடிசூடி, சுமார் 20 ஆண்டுகள் எகிப்தை ஆண்டவள் அவள். அவள் இறந்த பிறகு அவளுடைய உருவங்களைச் செதுக்கி அழித்தார்கள். மிஞ்சிய சிற்பங்களை ஐந்தாறு ஆண்டுகள் உட்கார்ந்து வரைந்தார் கார்ட்டர்.

அதிகாரி ஆனார்

எகிப்தின் பழம்பொருள் இலாகாவுக்கு அப்போது மாஸ்பரோ என்ற பிரெஞ்சுக்காரர் தலைவர். அவர் கார்ட்டரின் திறமையைக் கண்டார். தென் எகிப்து முழுவதற்கும் தலைமை இன்ஸ்பெக்டராக அவரை நியமித்தார். 1900-ம் ஆண்டில் கார்ட்டர் அந்தப் பதவியை ஏற்றபோது அவருக்கு வயது 25.

கார்ட்டர் கல்லறைகளுக்கு இரும்புக் கதவு போட்டார். உள்ளே மின்சார விளக்கு வைத்தார். அதற்கு முன்பு தீவட்டியின் புகை பட்டுச் சித்திரங்கள் கறுத்துக்கொண்டிருந்தன.

1901-ல் ஒரு கல்லறையில் திருடர்கள் புகுந்தார்கள். கார்ட்டர் துப்பறியும் போலீஸ்காரர் போல வேலை செய்தார். தரையில் பதிந்த காலடித் தடங்களை அளந்தார். தடம் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது. ஆனால் கோர்ட்டில் வழக்கு நிற்கவில்லை. சந்தேகப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள்.

மன்னிப்புக் கேட்க மறுத்தார்

1904-ல் கார்ட்டர் வட எகிப்துக்கு மாற்றப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் ஒரு சம்பவம் நடந்தது. அது அவருடைய வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

சக்காரா என்ற இடத்துக்கு ஒரு கூட்டம் பிரெஞ்சுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். சிலர் குடித்திருந்தார்கள். சிலர் சீட்டு வாங்கவில்லை. தடுத்த எகிப்தியக் காவலாளிகளை அடித்தார்கள். செய்தி அறிந்து கார்ட்டர் ஓடிவந்தார். தற்காத்துக்கொள்ளும்படி காவலாளிகளுக்கு அனுமதி கொடுத்தார். அடிதடி பெரிதாயிற்று.

வெள்ளைக்காரர்கள் மீது உள்ளூர்க்காரர்கள் கை வைப்பதா என்று பிரெஞ்சுத் தரப்பில் கொதித்தார்கள். கார்ட்டர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். வெறும் சடங்குக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மேலதிகாரிகளும் கெஞ்சினார்கள்.

கார்ட்டர் மசியவில்லை. என் காவலாளிகள் கடமையைச் செய்தார்கள். இதில் மன்னிப்புக்கு இடம் ஏது என்பது அவர் கட்சி. அவரைத் தாண்டா என்ற ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். அதே ஆண்டு அவர் ராஜினாமா செய்தார். வேலை போயிற்று, சம்பளம் போயிற்று, பிடிவாதம் மட்டும் மிஞ்சியது.

சுற்றிக் காட்டும் வேலை

வயிற்றைக் கழுவ வேண்டுமே! கார்ட்டர் லக்சார் நகருக்குத் திரும்பினார். சித்திரம் எழுதி விற்றார். பழம்பொருள் வாங்கி விற்கத் தரகு பார்த்தார். சுற்றுலா வந்த பணக்காரர்களை அழைத்துப்போய்க் கல்லறைகளையும் கோயில்களையும் காட்டினார். முன்பு யாருடைய சலாமை வாங்கிக்கொண்டு உள்ளே போனாரோ, அந்தக் காவலாளிகளின் எதிரிலேயே இப்போது வழிகாட்டியாக நடந்தார்.

அந்தக் காலத்தில் லக்சாருக்கு வந்தவர்கள் ஒரு நாளில் பார்க்கும் இடங்கள் இவை: விடிந்ததும் படகில் ஏறி நைல் நதியைக் கடப்பார்கள். அக்கரையில் கழுதைகள் காத்திருக்கும். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே கழுதைச் சவாரி.

முதலில் மெம்னான் சிலைகள் எதிர்ப்படும். இரண்டும் உட்கார்ந்த உருவங்கள்தான். ஆனால் உயரம் சுமார் 60 அடி! பின்னால் இருந்த கோயில் இடிந்துபோக, வாசலில் இருந்த சிலைகள் மட்டும் காவல் காக்கின்றன.

அடுத்து, இரண்டாம் ராம்செஸ் மன்னன் கட்டிய கோயில். ஒரே கல்லில் செய்த அவனுடைய பிரம்மாண்டமான சிலை உடைந்து மல்லாந்து கிடக்கிறது. பிறகு டேர் எல் பஹாரியில் ஹட்செப்சுட் கோயில். அங்கிருந்து மலையைக் கடந்து இறங்கினால் மன்னர் பள்ளத்தாக்கு.

அங்கே சேத்தி மன்னனின் கல்லறை பார்க்க வேண்டியது. 1817-ல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தது. சரிவான வழியில் கீழே கீழே இறங்கினால், விதானத்தில் நட்சத்திரக் கூட்டங்கள் தீட்டிய மண்டபம் வரும். மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் வர்ணம் பளிச்சென்று இருந்தது. ஆனால் மன்னனுக்கு வைத்த தங்கம் மட்டும் இல்லை.

கார்ட்டர் அழைத்துச் சென்றவர்கள் எல்லாம் அடக்கத்துக்கு வந்த வெறும் அறைகளைத்தான் பார்த்தார்கள். நிரம்பிய அறை ஒன்று எங்காவது இருக்குமா? அந்தக் கேள்வி கார்ட்டரின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

பிரபுவும் ஏழையும்

கார்னர்வான் பிரபு இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். மோட்டார் கார் ஓட்டுவதில் பைத்தியம். ஜெர்மனியில் ஒரு கார் விபத்தில் சிக்கிப் படுகாயம் அடைந்தார். குளிர்காலத்தைச் சூடான நாட்டில் கழிக்கும்படி டாக்டர்கள் சொன்னார்கள். எகிப்துக்கு வந்தார். பொழுதுபோக்காகத் தோண்ட ஆரம்பித்தார்.

பிரபுவிடம் பணம் இருந்தது, தொழில் தெரியாது. கார்ட்டருக்குத் தொழில் தெரியும், பணம் இல்லை. மாஸ்பரோ இருவரையும் சேர்த்துவைத்தார்.

மன்னர் பள்ளத்தாக்கில் தோண்டும் உரிமை அப்போது தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கரிடம் இருந்தது. இனி அங்கே எதுவும் இல்லை என்று முடிவு கட்டி, 1914-ல் அவர் விலகினார். உரிமை கார்னர்வானுக்கு வந்தது.

கார்ட்டர் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். டேவிசுக்குக் கிடைத்த சின்னஞ்சிறு பொருள்கள் சிலவற்றில் துட்டன்காமன் என்ற மன்னனின் பெயர் இருந்தது. ஒரு கிண்ணம், சில தங்கத் தகடுகள். பெயர் இங்கே இருக்கிறது, ஆளின் கல்லறை மட்டும் அகப்படவில்லை. அப்படியானால் அது இங்கேதான் எங்கோ மறைந்திருக்க வேண்டும்!

துட்டன்காமன் சிறுவனாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவன். பத்து ஆண்டுக்குள் இறந்தவன். காலம் ஏறத்தாழ கி.மு. 1323. பின்னால் வந்தவர்கள் மன்னர் பட்டியலில் இருந்தே அவன் பெயரை நீக்கிவிட்டார்கள். உலகம் மறந்துபோன அரசன் அவன்.

கடைசி வாய்ப்பு

முதல் உலகப் போர் காரணமாக வேலை தடைப்பட்டது. 1917 கடைசியில்தான் மும்முரமாகத் தொடங்க முடிந்தது. பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை முக்கோணமாக அளந்துகொண்டார் கார்ட்டர். அதில் உள்ள கல்லையும் மண்ணையும் அடிப்பாறை தெரியும் வரை அள்ளுவது என்று தீர்மானித்தார்.

கூடை கூடையாக மண் சுமந்தார்கள் எகிப்தியத் தொழிலாளர்கள். ஆண்கள் வெட்டினார்கள், சிறுவர்கள் சுமந்தார்கள். ஒரு குளிர்காலம் போயிற்று. இரண்டு போயிற்று. மூன்று, நான்கு என்று வளர்ந்தது. பணம் கரைந்தது. சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

1922 கோடையில் கார்னர்வான் பிரபு கார்ட்டரை இங்கிலாந்துக்கு அழைத்தார். போதும், நிறுத்திவிடலாம் என்றார். கார்ட்டர் ஒரு வரைபடத்தை விரித்தார். ஆறாம் ராம்செஸ் கல்லறையின் வாசலுக்குக் கீழே, பழங்காலக் கூலியாட்களின் குடிசை அடித்தளம் இருக்கிறது. அதன் அடியில் மட்டும் தோண்டவில்லை என்று காட்டினார். இன்னும் ஒரு முறை தோண்டலாம், செலவை நானே ஏற்கிறேன் என்றார்.

கையில் காசு இல்லாதவர் செலவை ஏற்பதாவது! பிரபுவின் மனம் இளகியது. கடைசியாக ஒரு பருவத்துக்குத் தாமே பணம் தர ஒப்புக்கொண்டார்.

முதல் படி

1922 நவம்பர் 1-ந் தேதி வேலை தொடங்கியது. குடிசை அடித்தளத்தைப் பெயர்த்தார்கள். 4-ந் தேதி காலையில் கார்ட்டர் வந்தபோது, வேலை நடக்கும் சத்தமே இல்லை. எல்லோரும் மௌனமாக நின்றார்கள். பாறையில் வெட்டிய ஒரு படி தெரிந்தது! தண்ணீர் சுமக்கும் சிறுவன்தான் முதலில் அதைப் பார்த்தான் என்று ஒரு கதை உண்டு.

மறுநாள் மாலைக்குள் 12 படிகள் வந்துவிட்டன. அதற்குக் கீழே சாந்து பூசி அடைத்த வாசல். சாந்தின் மேல் பழைய அரசாங்க முத்திரை: ஒரு நரி, அதன் கீழ் ஒன்பது கைதிகள்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கடப்பாறையை எடுத்திருப்பார்கள். கார்ட்டர் என்ன செய்தார் தெரியுமா? தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடினார். காவல் வைத்தார். கார்னர்வானுக்குத் தந்தி கொடுத்தார். பணம் போட்டவர் வராமல் திறப்பது நியாயம் அல்ல என்று, இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தார்.

பிரபுவும் அவர் மகள் ஈவ்லினும் 23-ந் தேதி லக்சார் வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் மண்ணை அள்ளினார்கள். மொத்தம் 16 படிகள். வாசலின் அடிப்பகுதியில் துட்டன்காமன் பெயர் இருந்தது. ஆனால் வாசலின் ஒரு மூலையை யாரோ முன்பு உடைத்து மறுபடி அடைத்த அடையாளமும் இருந்தது. திருடர்கள் இங்கேயும் வந்துவிட்டார்களா? கார்ட்டரின் வயிற்றில் புளி கரைத்தது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்

நவம்பர் 26-ந் தேதி. முதல் வாசலைத் தாண்டி, கற்கள் நிரம்பிய சரிவுப் பாதையைச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது வாசல் வந்தது.

கார்ட்டர் அதன் மேல் மூலையில் சிறு துவாரம் போட்டார். இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்தார். அந்தப் பக்கம் வெற்றிடம். விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்க மெழுகுவர்த்தியைக் காட்டினார். உள்ளே மூவாயிரம் ஆண்டு அடைபட்டிருந்த சூடான காற்று வெளியே வீச, சுடர் நடுங்கியது.

கார்ட்டர் எட்டிப் பார்த்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக விசித்திரமான மிருகங்கள், ஆளுயரச் சிலைகள், எங்கும் தங்கத்தின் மினுமினுப்பு! அவருக்குப் பேச்சு வரவில்லை. பின்னால் நின்ற பிரபு பொறுக்க முடியாமல், ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். அற்புதங்கள் தெரிகின்றன என்று சொல்வதற்குள் கார்ட்டருக்கு மூச்சு முட்டிவிட்டது.

உள்ளே நான்கு அறைகள் இருந்தன. மிருக வடிவத்தில் தங்க முலாம் பூசிய கட்டில்கள், கழற்றி வைத்த தேர்கள், சிம்மாசனம், எக்காளம், விசிறி, விளையாட்டுப் பலகை, மது ஜாடி, இறைச்சிப் பெட்டி, செருப்பு, சிறு பிள்ளையாக இருந்தபோது மன்னன் உடுத்திய துணிகள் எல்லாம் இருந்தன. ஒரு முந்தானைத் துணியில் தங்க மோதிரங்கள் முடிந்து கிடந்தன. பழங்காலத் திருடன் கட்டிய முடிச்சு அது. எடுத்துப் போவதற்குள் அவனுக்கு என்ன நேர்ந்ததோ!

திருடர்கள் வந்தது உண்மை. ஆனால் மன்னன் உறங்கிய பெட்டியை அவர்கள் தொடவில்லை.

சாபமா?

1923 பிப்ரவரியில் மன்னனின் அறை முறைப்படி திறக்கப்பட்டது. ஏப்ரல் 5-ந் தேதி, கெய்ரோவில் கார்னர்வான் பிரபு இறந்தார். கன்னத்தில் கொசு கடித்த இடம் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டது. அதில் நஞ்சேறி, ஜுரம் கண்டு, நிமோனியாவில் முடிந்தது.

மன்னனின் சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. கார்ட்டர் வளர்த்த மஞ்சள் குருவியை நாகப்பாம்பு விழுங்கிவிட்டதாகவும் கதை பரவியது. உலகமே நடுங்கியது.

உண்மை என்ன? அந்தக் கல்லறையில் சாபம் எழுதிய கல்வெட்டு எதுவும் கிடையாது. முதலில் உள்ளே நுழைந்த கார்ட்டர் அதற்குப் பிறகு 16 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஈவ்லின் 1980 வரை வாழ்ந்தார். மன்னனின் உடலைச் சோதித்த டாக்டர் டெர்ரி 1961 வரை வாழ்ந்தார். சாபம் என்று ஒன்று இருந்திருந்தால், அது முதலில் இவர்களை அல்லவா பிடித்திருக்க வேண்டும்?

பத்து வருட உழைப்பு

புதையல் கிடைத்ததும் வாரிக்கொண்டு போவதுதான் உலக வழக்கம். கார்ட்டர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் கொடுத்தார். இருந்த இடத்திலேயே போட்டோ எடுக்கச் செய்தார். படம் வரைந்தார். அளவு குறித்தார். பிறகுதான் கை வைத்தார். மொத்தம் 5,398 பொருள்கள்! முடிப்பதற்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

ஹாரி பர்ட்டன் போட்டோ எடுத்தார். லூக்காஸ் என்ற ரசாயன நிபுணர் பொருள்கள் கெடாமல் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த காலிக் கல்லறைகளே இவர்களுக்கு வேலைக்கூடம் ஆயின. மணி கோத்த செருப்பில் நூல் மக்கிப் போயிருக்கும். தொட்டால் மணிகள் உதிர்ந்துவிடும். அதன் மேல் உருகிய மெழுகை ஊற்றி, இறுகிய பிறகு எடுப்பார்கள்.

எகிப்திய மேஸ்திரிகள் இல்லாமல் இது நடந்திருக்காது. அகமது கெரிகர், காத் ஹசன், உசேன் அபு அவாத், உசேன் அகமது சயீத் ஆகிய நால்வரின் பெயரையும் கார்ட்டர் தம் புத்தகத்தில் எழுதி நன்றி சொல்லி இருக்கிறார். கூடை சுமந்த மற்றவர்களின் பெயர் அதில் இல்லை.

பொருள்களைப் பெட்டிகளில் வைத்து நைல் நதிக்குக் கொண்டுபோக வேண்டும். தண்டவாளம் முழு தூரத்துக்கும் போதவில்லை. வண்டி கடந்த தண்டவாளத்தைப் பின்னால் கழற்றி, முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள் தொழிலாளர்கள். கொளுத்தும் வெயிலில் அந்தப் பயணத்துக்கு 15 மணி நேர உழைப்பு ஆயிற்று.

பூட்டுக்கு மேல் பூட்டு

இதற்கிடையே பெரிய தகராறு மூண்டது. இந்தக் கல்லறை யாருக்குச் சொந்தம்?

1922-ம் ஆண்டில்தான் பிரிட்டன் எகிப்துக்குச் சுதந்திரம் அறிவித்திருந்தது. நம் மன்னன், நம் மண், நம் கல்லறை என்று மக்கள் பெருமைப்பட்டார்கள். ஆனால் செய்தி வெளியிடும் உரிமையை லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு 5,000 பவுனுக்குக் கொடுத்திருந்தார் கார்னர்வான். தங்கள் நாட்டில் நடப்பதை லண்டன் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை எகிப்தியப் பத்திரிகைகளுக்கு வந்தது. அவர்களுக்கு ஆத்திரம் வராதா?

1924 பிப்ரவரியில், மன்னனின் கல்பெட்டி மூடியைத் தூக்கினார்கள். ஒரு டன்னுக்கு மேல் எடை உள்ள மூடி அது. மறுநாள், உடன் உழைத்தவர்களின் மனைவிமாருக்கு அதைக் காட்டக் கார்ட்டர் விரும்பினார். அரசாங்கம் கூடாது என்றது. கார்ட்டருக்குப் பழைய கோபம் வந்துவிட்டது. வேலையை நிறுத்திக் கல்லறையைப் பூட்டினார். அந்த மூடி கயிற்றில் தொங்கியபடியே இருந்தது!

அரசாங்கம் அவர் உரிமையை ரத்து செய்தது. பூட்டை உடைத்துத் தன் பூட்டைப் போட்டது. சக்காராவில் காவலாளிகளுக்காகப் பிடித்த பிடிவாதம் அவருக்குப் பெருமை சேர்த்தது. இந்தப் பிடிவாதம் அப்படி அல்ல. நாடு மாறிவிட்டது என்பதை அவர் உணரவில்லை.

கார்ட்டர் அமெரிக்கா போய்ச் சொற்பொழிவு செய்தார். யேல் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. 1925 ஜனவரியில் சமாதானம் ஏற்பட்டது. கார்னர்வான் குடும்பம் புதையலில் பங்கு கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. பிறகே கார்ட்டர் உள்ளே போக முடிந்தது. செலவுக்கு ஈடாகச் சுமார் 36,000 பவுன் அந்தக் குடும்பத்துக்கு 1930-ல் கிடைத்தது.

தங்க முகம்

1925 அக்டோபரில் சவப்பெட்டிகளைத் திறந்தார்கள். பெட்டிக்குள் பெட்டியாக மூன்று. முதல் இரண்டும் மரத்தில் செய்து தங்கத் தகடு போர்த்தியவை. மூன்றாவது முழுக்க முழுக்கத் தங்கம்! எடை சுமார் 110 கிலோ. உள்ளே மம்மி, அதன் தலையில் 10 கிலோ எடையுள்ள தங்க முகமூடி.

முதல் பெட்டியின் நெற்றியில் ஒரு சிறு பூமாலை இருந்தது. வாடிச் சருகாகியும் நிறம் முற்றிலும் போகவில்லை. இவ்வளவு தங்கத்தையும்விட அந்த மாலைதான் கார்ட்டரின் நெஞ்சைத் தொட்டது. இளம் விதவை வைத்த மாலையாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

நவம்பர் 11-ந் தேதி டாக்டர் டெர்ரியும் டாக்டர் சாலே ஹம்தியும் உடலைச் சோதித்தார்கள். ஊற்றிய தைலம் பிசினாக இறுகி, உடலும் முகமூடியும் பெட்டியோடு ஒட்டிப் போயிருந்தன. உடலைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். செருப்பு மணிக்குக் காட்டிய கருணையை மன்னனின் உடலுக்குக் காட்டவில்லை. 1968-ல் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் உடலின் நிலை வெளி உலகுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மன்னன் சுமார் 19 வயதில் இறந்தான் என்று 2005-ல் எடுத்த ஸ்கேன் படங்கள் காட்டின.

கடைசி நாட்கள்

1932-ல் வேலை முடிந்தது. கார்ட்டருக்கு அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நண்பர்களும் குறைவு. இங்கிலாந்து அரசாங்கம் அவருக்குப் பட்டம் எதுவும் தரவில்லை.

1939 மார்ச் 2-ந் தேதி, 64-வது வயதில், புற்றுநோயால் லண்டனில் காலமானார். அடக்கத்துக்கு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் ஈவ்லின். மெழுகுவர்த்தி சுடர் நடுங்கிய அந்த மாலையில் பக்கத்தில் நின்றவர்.

அவர் இறந்த பிறகு ஒரு சங்கடமான உண்மை தெரிந்தது. துட்டன்காமன் கல்லறையைச் சேர்ந்த சில சிறு பொருள்கள் அவருடைய உடைமைகளில் இருந்தன. அவற்றை எகிப்துக்குத் திருப்பித் தர அவருடைய தமக்கை மகள் ஏற்பாடு செய்தார். நியூயார்க் மியூசியத்திலும் இப்படிச் சில பொருள்கள் இருந்தன. அங்கிருந்து 19 பொருள்களை எகிப்துக்கே திருப்பித் தருவதாக 2010-ல் அறிவித்தார்கள்.

எங்கே இருக்கிறது அந்தத் தங்கம்?

மற்ற மன்னர்களின் செல்வம் எல்லாம் சிதறிப் போய்விட்டது. சேத்தி மன்னனின் கல்பெட்டியே லண்டனில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது. துட்டன்காமன் செல்வம் மட்டும் பிறந்த மண்ணிலேயே இருக்கிறது. எகிப்து விட்டுக்கொடுக்காமல் நின்றது அதற்கு ஒரு காரணம். ஒரு மணிகூடத் தவறாமல் கார்ட்டர் எழுதி வைத்த குறிப்பு இன்னொரு காரணம். ஒரு காலத்தில் எதிரும் புதிருமாக நின்ற இருவரும் சேர்ந்து காப்பாற்றிய சொத்து அது.

2025 நவம்பரில் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் பிரம்மாண்டமான புதிய மியூசியம் திறக்கப்பட்டது. துட்டன்காமன் பொருள்கள் அனைத்தும் முதல் தடவையாக ஒரே இடத்தில் காட்சிக்கு வந்தன. மன்னனின் உடல் மட்டும் பழைய பள்ளத்தாக்கில், தன் சொந்தக் கல்லறையிலேயே இருக்கிறது. 

லக்சார் வரும் பயணிகள் இன்றும் நைல் நதியைக் கடந்து, மெம்னான் சிலைகளையும் ஹட்செப்சுட் கோயிலையும் பார்த்துவிட்டு அங்கே போகிறார்கள். கார்ட்டர் ஒரு காலத்தில் பிழைப்புக்காக மற்றவர்களை அழைத்துப்போன அதே வழி. ஆனால் அன்று அவர் காட்ட முடியாத ஒன்றை இன்று எல்லோரும் பார்க்கிறார்கள். பாறையில் இறங்கும் 16 படிகள்!